இரண்டாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு இரவுகள்

ஜன்னல் இல்லாத அறையில்தான் நல்ல தூக்கம் வரும், சார்ஜன்ட். விளக்கை அணைத்துவிட்டால் பகலா இரவா என்பதே தெரியாது. எஞ்சின் சத்தம் மட்டும் எங்கோ தூரத்தில் மாவு அரைப்பதைப் போலக் கேட்டுக்கொண்டிருக்கும். கப்பலின் நடுவயிற்றில் இருக்கும் அந்த அறைகளைப் பற்றி எல்லோரும் இளக்காரமாகப் பேசுவார்கள். நான் விரும்பித்தான் எடுத்தேன். பால்கனி அறையில் ஒருமுறை போவதற்குப் பதில் இதில் இரண்டு முறை போய்விடலாம்.

தண்ணீருக்கு நன்றி. உங்கள் பிரிட்ஜ்டவுன் போலீஸ் ஸ்டேஷனில் தண்ணீர் நன்றாக இருக்கிறது. கப்பல் தண்ணீரில் எப்போதும் ஒரு குழாய் வாசனை.

பெயர் மொரீன் டால்கி. வயது எழுபத்தொன்று. ஊர் ஒஹாயோ மாநிலத்தில் டொலீடோ. அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் முப்பத்தொரு வருடம் நர்ஸாக இருந்தேன். ஓய்வு பெற்றதும் வீட்டை விற்றுவிட்டேன். அன்றிலிருந்து கப்பல்தான் வீடு. ஃபோர்ட் லாடர்டேலில் ஏறுவேன், தீவுகளைச் சுற்றுவேன், அங்கேயே இறங்கி, அதே நாள் மறுபடி ஏறுவேன். பெட்டியை முழுக்கப் பிரிப்பதுகூடக் கிடையாது.

என்னைப்போல் பழைய பயணிகளுக்கு மட்டும் ஒவ்வொரு பயணத்திலும் ஒன்பதாம் நாள் மதியம் கேப்டன் ஒரு விருந்து கொடுப்பார். அந்தக் கப்பலில் இருப்பவர்களில் அதிக இரவுகள் கணக்கில் வைத்திருப்பவரை மேடைக்குக் கூப்பிட்டு, நீல நங்கூரம் பொறித்த பதக்கத்தை அவரே சட்டையில் குத்திவிடுவார். நேரில் வந்து நிற்க வேண்டும். வராவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும். கடைசிப் பதினொரு பயணத்திலும் அது எனக்குத்தான் கிடைத்தது.

சின்ன விஷயம்தான். ஆனால் அதற்குப் பிறகு தாழ்வாரத்தில் எதிரே வருகிறவர்கள் ஒதுங்கி வழிவிடுவார்கள். காலை உணவில் என் முட்டை எத்தனை நிமிடம் வேக வேண்டும் என்று கேட்காமலே கொண்டு வருவார்கள். டொலீடோவில் என் பக்கத்து வீட்டுக்காரருக்கு என் பெயர்கூடத் தெரியாது.

இந்தப் பயணத்தில் முதல் நாள் மாலையே கோரின் ஓபுஷானை எங்கள் நாற்பத்திரண்டாம் மேஜையில் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். லூசியானாக்காரர், பல் டாக்டரின் விதவை, என்னைவிட மூன்று வயது இளையவர். அதே மேஜையில் ஹார்லன் ஸ்டக்கி என்று ஒருவர்; கான்சாஸில் குழாய்ச் சாமான் கடை வைத்திருந்தவர். அவர்தான் என்னை அறிமுகப்படுத்தினார்.

"இவங்கதான் எங்க டேபிள் மகாராணி. ரெண்டாயிரத்து இருநூத்திப் பன்னெண்டு ராத்திரி. கேப்டனே எழுந்து நிப்பாரு."

"அட, பக்கத்துல வந்துட்டியே கண்ணு," என்று கோரின் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தார். "எனக்கு ரெண்டாயிரத்து இருநூத்தி முப்பது."

"அம்மாடியோவ். ஆறு வருஷம் தண்ணியிலேயே கெடந்தீங்களா?" என்றார் ஹார்லன்.

"அதுல பாதிதான் கெடந்தேன். சூட்ல, அதான் மேல இருக்குற பெரிய சொகுசு ரூம்ல, தூங்கினா ஒரு ராத்திரிக்கு ரெண்டு ராத்திரி கணக்கு. கம்பெனி ரூலு. தெரியாதா உங்களுக்கு?"

இதைக் கவனமாக எழுதிக்கொள்ளுங்கள், சார்ஜன்ட். அவர் கப்பலில் தூங்கியது ஆயிரத்து நூற்றுப் பதினைந்து இரவுகள். மீதிப் பாதி இரவுகளை அவர் பார்த்ததே இல்லை, யாரும் பார்த்ததில்லை. என்னுடையவை அத்தனையும் நான் தூங்கியவை. புயலில் தூங்கியிருக்கிறேன். காய்ச்சலில் தூங்கியிருக்கிறேன். என் தங்கை இறந்த செய்தி வந்த அன்றும் இறங்காமல் தூங்கினேன்.

"மொரீன் எந்த டெக்குல இருக்கா?" என்று கோரின் கேட்டார். சொன்னேன்.

"ஐயையோ, அந்தப் பொந்துலயா? ஏன் கண்ணு, மழை பெஞ்சா உனக்கு எப்படித் தெரியும்?"

"டிவியில வானிலைச் செய்தி பாப்பாங்க," என்றார் ஹார்லன். சூப் மூக்கில் ஏறும் அளவுக்குச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அடுத்த ஐந்து நாளும் வேளைக்கு வேளை அந்தப் பொந்துப் பேச்சு வந்தது. பணியாளர்கள் காதிலும் விழுந்தது. நான்காம் நாளிலிருந்து முட்டை முதலில் அவருக்குப் போனது.

அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. கலகலப்பானவர்.

ஏழாம் நாள் செயின்ட் கிட்ஸ் தீவு. கரைச் சுற்றுலாவில் மலைமேல் உள்ள கோட்டைக்குப் போனோம். பேருந்து ஒரு மட்டத்தோடு நின்றுவிடும். அதற்கு மேல் கல் படிகள். பாதிப் படியில் கோரின் நின்றுவிட்டார். முகம் முழுக்க வியர்வை. வெயிலின் வியர்வை இல்லை அது, குளிர்ந்த வியர்வை. இடது கையால் தாடையைத் தேய்த்துக்கொண்டார்.

"மத்தியானம் சாப்பிட்ட அந்தக் கருவாடுதான். வயித்தப் பொரட்டுது. பல்லு வேற வலிக்குது."

அவர் விரல் நகங்களைப் பார்த்தேன். உதட்டைப் பார்த்தேன். நான் வேலை பார்த்த முப்பத்தொரு வருடமும் இருதய வார்டில். பெண்களுக்கு மாரடைப்பு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வர வேண்டும் என்று அவசியமில்லை; வயிற்றில் வரும், தாடையில் வரும், சும்மா சோர்வாகவும் வரும். இதைப் புது நர்ஸுகளுக்கு நான்தான் சொல்லிக்கொடுப்பேன்.

"அஜீரணம் மாதிரிதான் இருக்கு," என்றேன்.

திரும்பி வரும்போது பேருந்தில் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஈரமான கை.

"மொரீன், யார்கிட்டயும் மூச்சு விடாத. வாந்தி வருதுன்னு தெரிஞ்சா போதும், தொத்து நோய்னு ரூமுக்குள்ள பூட்டிருவாங்க. அடுத்த தீவுல இறக்கி விட்டுருவாங்க. இன்னும் ரெண்டே நாளு. விருந்து முடியட்டும், அப்புறம் டாக்டர்கிட்ட நானே போறேன். சத்தியம் பண்ணு."

நீங்கள் கரையில் வாழ்கிறவர். ஒரு பதக்கத்துக்காக யாராவது நோயை மறைப்பார்களா என்று தோன்றும். எங்களில் யாரைக் கேட்டாலும் மறைப்போம் என்றுதான் சொல்வார்கள். நான் சத்தியம் செய்தேன். கொடுத்த வாக்கை நான் மீறியதில்லை. என்னைத் தெரிந்த யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

அவரைப் படுக்க வைத்தேன். அவருடைய இன்னொரு சாவி அட்டையை என்னிடமே கொடுத்தார். அந்த சூட்டை அப்போதுதான் முதல்முறை பார்த்தேன். சோபா, பழக்கூடை, கடலைப் பார்த்தபடி இரண்டு சாய்வு நாற்காலி. திரையை இழுத்து மூடினேன். இஞ்சி டீ வைத்தேன். வெளியே வந்து, 'தொந்தரவு செய்ய வேண்டாம்' அட்டையைக் கைப்பிடியில் மாட்டினேன்.

எட்டாம் நாள் செயின்ட் லூசியா. காலையில் எட்டிப் பார்த்தேன். எழுந்து உட்கார முடியவில்லை, ஆனால் பேசினார். விருந்துக்கு எந்தச் சட்டை போடலாம் என்று கேட்டார். பவள நிறம் பொருந்தும் என்றேன். பிறகு சுற்றுலாவுக்குப் போனேன். ஏற்கெனவே பதிவு செய்திருந்தேன். வெந்நீர் ஊற்றில் சேறு பூசிக் குளிக்கச் சொல்வார்கள், தோலுக்கு நல்லது. ஒரு புட்டி வாழைப்பழச் சட்னி வாங்கினேன்.

மாலை நான்கு மணிக்கு அவர் அறை வாசலில் ரோடெல் நின்றுகொண்டிருந்தார். அந்தத் தாழ்வாரத்தின் அறைப் பணியாளர், பிலிப்பைன்ஸ்காரர். பதினாறு வருட அனுபவசாலி. ஊரில் இரண்டு பெண்கள்; மூத்தவள் நர்ஸிங் படிக்கிறாள்.

"நேத்துலேர்ந்து ஆளையே பாக்கல, மிஸ் மொரீன். ஒரு நாள் பாக்கலேன்னா மேல சொல்லணும்னு ரூல் இருக்கு. கதவைத் தட்டட்டுமா?"

"இப்பத்தான் பாத்துட்டு வரேன். தூங்குறாங்க. நான் நர்ஸ், ரோடெல்."

"ஒரு தடவை என் கண்ணால பாத்துட்டா நல்லது, மிஸ்."

"பெரிய பொண்ணு எப்படிப் படிக்கிறா?"

"நல்லாப் படிக்கிறா, மிஸ். இன்னும் ஒரு வருஷம்."

"கோரின் இந்தத் தடவை படிவத்துல உங்களுக்குப் பத்துக்குப் பத்து போடப்போறேன்னு சொன்னாங்க. தூங்குறப்ப எழுப்பினா போடுவாங்களா? நீங்களே சொல்லுங்க. நானும்தான் படிவம் எழுதணும்."

தட்டுவதற்குத் தூக்கிய கையை அவர் இறக்கினார். பயணிகள் மோசமான மதிப்பெண் போட்டால் அடுத்த ஒப்பந்தம் கிடைக்காது. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவர்மேல் தவறு எதுவும் இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அன்று இரவு உணவில் ஹார்லன் காலி நாற்காலியைக் காட்டினார். "சூட் ராணி எங்க? ரெண்டு ராத்திரிய ஒரே ராத்திரியில தூங்கித் தீக்குறாங்களோ?"

மேஜையே சிரித்தது. வெயிலில் களைத்துவிட்டார் என்று சொன்னேன். வாத்துக்கறி அன்று பிரமாதம்.

ஒன்பதாம் நாள் காலை எட்டு மணிக்குக் கோரின் அறைக்குப் போனேன். பத்து நிமிடம் இருந்தேன். ஒன்பதரைக்கு முடி அலங்காரம் செய்துகொண்டேன். பன்னிரண்டு மணிக்கு விருந்து. கோரின் ஓபுஷான் என்று முதலில் கூப்பிட்டார்கள். அரங்கத்தில் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டாம் முறை கூப்பிட்டார்கள். பிறகு என் பெயர். எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். படம் எடுத்தார்கள், உங்கள் மேஜையில் இருக்கிறதே, அதுதான். நன்றாகவே வந்திருக்கிறது.

மூன்று மணிக்கு ரோடெல் மனம் கேட்காமல் தன் சாவியைப் போட்டுக் கதவைத் திறந்தார். மற்றது உங்களுக்குத் தெரியும்.

நீங்கள் கேட்பது நியாயமான கேள்விதான். டாக்டரிடம் சொல்லியிருந்தால் செயின்ட் லூசியாவிலேயே அவரை இறக்கியிருப்பார்கள், பதக்கம் எப்படியும் எனக்கே வந்திருக்கும், பிறகு ஏன் என்கிறீர்கள். நான் அதை யோசிக்காமல் இல்லை. பேருந்தில் அவர் கையைப் பிடித்திருந்தபோதே யோசித்தேன். ஆனால் இறக்கினால் வைத்தியம் பார்ப்பார்கள். பார்த்தால் பிழைத்துவிடுவார், அந்த நிலையில் நூறு பேரையாவது பிழைக்க வைத்திருக்கிறேன், எனக்குத் தெரியும். கிறிஸ்துமஸ் பயணத்துக்கு அவர் ஏற்கெனவே சூட் எடுத்திருந்தார். பதினான்கு இரவு, கணக்கில் இருபத்தெட்டு. அடுத்து ஈஸ்டர். எனக்கு எழுபத்தொரு வயது. தினமும் ஒரே ஓர் இரவு தூங்கி அவரை எப்போது எட்டிப் பிடிப்பது? அவர் நடமாடுகிறவரை நான் அடுத்தவள்தான்.

அவர் அறைத் தொலைபேசியை அலமாரியில் லைஃப் ஜாக்கெட்டுகளுக்கு அடியில் வைத்தது நான்தான். ஏழாம் நாள் மாலையே வைத்துவிட்டேன், மணி அடித்துத் தூக்கம் கெடக் கூடாது என்று. அவர் கைப்பேசியைச் சார்ஜ் போட்டுத் தருகிறேன் என்று எடுத்துப்போனேன். திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டது.

அந்தப் பத்து நிமிடத்தையும் சொல்லிவிடுகிறேன். அன்று காலை எட்டு மணிக்கு அவர் டாக்டரைக் கூப்பிடச் சொன்னார். மூன்று முறை சொன்னார். குரல் மிக மெதுவாக இருந்தது, குனிந்துதான் கேட்க வேண்டியிருந்தது.

"இன்னும் நாலு மணி நேரம்தானே, கோரின். சத்தியம் வாங்கினது நீங்கதானே," என்று தலையணையைச் சரிசெய்தேன்.

"வேணாம் மொரீன். அந்தப் பதக்கம் எனக்கு வேணாம். நீயே வெச்சுக்கோ. டாக்டரைக் கூப்பிடு."

என் சட்டை நுனியைப் பிடித்திருந்தார். ஒவ்வொரு விரலாக எடுத்துவிட்டேன், வலிக்காமல்தான். நெற்றியைத் துடைத்தேன். கதவை மூடும்போது அட்டை நேராகத் தொங்குகிறதா என்று பார்த்தேன்.

ஒருவர் இரக்கப்பட்டு விட்டுக்கொடுத்ததை வாங்கிக்கொள்கிற ஆள் நான் இல்லை, சார்ஜன்ட். எனக்கு வர வேண்டியது எனக்கு நியாயமாக வர வேண்டும் என்று நினைத்தேன். நியாயமாகத்தான் வந்தது.