அறுபத்திநாலு பாகை

— நாங்க வந்த புதுசுல இந்த முதல் வேலிக் கதியாலடியில நிண்டுதான் உங்ககிட்டக் கேட்டேன், உங்க வாப்பா எங்களுக்கு இருக்க விட்ட காணிட ரெண்டு வேலியும் எதுவரைக்கும் போகும் எண்டு. என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்கா?

— களப்புத் தண்ணிவரைக்கும் எண்டு சொன்னேன், டீச்சர்.

— அதுக்குப் பிறகு?

— பயப்புட வேணாம், வாப்பா கயிறு புடிச்சுத்தான் நட்டவர், அடிவரைக்கும் ஒரே அகலம்தான் எண்டேன். நீங்க சிரிச்சீங்க. எருக்கலம்பிட்டியிலேர்ந்து வந்து மூணு மாசத்துல அண்டைக்குத்தான் நீங்க சிரிச்சுப் பாத்தேன்.

— சிரிச்சதை விடுங்க, ஸலாஹுதீன். இப்ப சிரிக்க ஏலாத கதை ஒண்டு.

— ஏன், உங்கட அகதி காம்புக்கு நேவிக்காரன் வந்து யாரையும் கூட்டிட்டுப் போனானா?

— அப்படி ஒண்டும் இல்லை. நேத்து ஒன்பதாம் வகுப்புப் புள்ளையளை ரோட்டுக்குக் கூட்டிட்டு வந்தேன். சமாந்தரக் கோடு எண்டா என்னெண்டு கரும்பலகையில எத்தினை தரம் கீறினாலும் அதுகளுக்கு ஏறுதில்லை. இஞ்ச பாருங்க, எங்கட காணிக்கு ரெண்டு பக்கமும் வேலி, ரெண்டையும் ரோடு வெட்டிட்டுப் போகுது, இதை விட நல்ல படம் எங்க கிடைக்கும் எண்டு சொல்லி, பெரிய பாகைமானியைக் குடுத்து அளக்கச் சொன்னேன்.

— நல்ல வேலைதான். எனக்குக் கணக்கு எண்டாலே காய்ச்சல் வரும்.

— வரட்டும், கேளுங்க. ரோட்டுக்கும் வேலிக்கும் நடுவுல, உங்கட வெங்காயத் தோட்டப் பக்கமா இருக்கிற கோணத்தை ரெண்டு வேலியிலயும் அளந்தாங்க. ரெண்டும் சமனா வந்தாத்தான் வேலி ரெண்டும் சமாந்தரம். அந்தப் பக்கத்து வேலியில எழுபது பாகை. உங்கட தோட்டத்து வேலியில அறுபத்திநாலு.

— சின்னப் புள்ளையள்தானே டீச்சர். கை அசைஞ்சிருக்கும்.

— நானும் அப்படித்தான் நினைச்சேன். வேலி போற நேருக்கே ரோட்டுக்கு அங்கால ஒரு கயிறை நீட்டி, எதிர்ப் பக்கத்துக் கோணத்தையும் நானே குந்தியிருந்து அளந்தேன். ரெண்டு நேர்கோடு வெட்டினா எதிரெதிர்க் கோணம் சமன். அங்கயும் அறுபத்திநாலுதான் வந்திச்சு. புள்ளையள் பிழை விடல்ல.

— ஆறு பாகைதானே. விடுங்களேன்.

— ரோட்டடியில ஆறு பாகை ஒண்டும் இல்லைதான். நாங்க ஒரு நாளும் போகாத களப்படிக்குப் போய்ப் பாத்தேன். எங்கட காணி உங்கட தோட்டத்துக்குள்ள விரிஞ்சு போயிருக்கு. உங்கட கிணறு இப்ப எங்கட வேலிக்குள்ள இருக்கு, ஸலாஹுதீன்.

— கிணறுதானே, டீச்சர்.

— கிணறுதானே எண்டு சொல்லாதீங்க. நாளைக்கு உங்க வாப்பா காணி அளக்கச் சேர்வேயரைக் கூட்டிட்டு வாரார். வேலிக்குள்ள இருக்கிறதை எங்க பேருக்குக் காணி உறுதி எழுதித் தாரதா உங்க வாப்பா ரஸாக் ஹாஜியாரே பள்ளிவாசல்ல வெச்சுச் சொன்னவர். சேர்வேயர் வந்தா முதல்ல பாக்கிறது இந்தக் கோணத்தைத்தான். இடம் குடுத்தா அகதியள் காணியையும் திண்டுட்டாங்க எண்டு ஊரெல்லாம் கதைக்கும். எங்கட வரிசையில இருக்கிற எல்லாக் குடிலையும் கிளப்பிவிடுவாங்க. என்கூடப் பொறந்த நானாவை நிப்பாட்டிக் கேட்டேன். அல்லாஹ்மேல சத்தியம், வேலியில கை வைக்கல்ல எண்டார். நான் நம்புறேன். நீங்களும் நம்பி, வாப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லணும். அதுக்குத்தான் வந்தேன்.

— உங்கட நானா பொய் சொல்லல்ல.

— பின்னே யாரு?

— நான்தான்.

— என்ன?

— வருஷா வருஷம் வேலி அடைக்கிறது நான்தானே. பழைய ஓலையைக் கழட்டினா களப்படிக் கதியாலைக் கொஞ்சம் எங்கட பக்கம் தள்ளி நட்டுட்டு, மற்றதுகளை அந்த நேருக்கு வெப்பேன். ரோட்டடிக் கதியாலைத் தொடவே இல்லை. ரோட்டால போற வாப்பாக்கு ஒண்டும் விளங்காது எண்டு நினைச்சேன். பாகைமானி ஒண்டு வரும் எண்டு யாரு கண்டது?

— யா அல்லாஹ். உங்கட வாப்பாட காணியை நீங்களே களவெடுத்து எங்களுக்குக் குடுத்தீங்களா?

— களவு எண்டு சொல்லாதீங்க. வாப்பா பிரிச்சுக் குடுக்கக்குள்ள என்ட பங்கு அந்தப் பக்கம்தான் வரும்.

— இரக்கமா? அகதி காம்புக்காரி குடத்தோட நடக்கிறதைப் பாத்து வந்த இரக்கமா?

— இரக்கம் இல்லை. உம்மாகிட்ட உங்களைப் பத்திக் கதைச்சேன், டீச்சர். ரெண்டு வருஷம் ஆகுது. புள்ள நல்ல புள்ள, படிச்ச புள்ள எண்டுதான் உம்மாவும் சொன்னா. ஆனா கட்டினா மாப்புள்ள பொண்ணு வீட்டுலதானே போய் இருக்கணும், அந்த ஓலைக் குடிலுலயா என்ட மகன் இருப்பான், கிணறு இருக்கா, நாலு தென்னை வெக்க இடம் இருக்கா எண்டு கேட்டா. அதான் கிணறு உள்ளுக்கு வாரவரைக்கும் தள்ளினேன்.

— நில்லுங்க. எனக்குச் சீதனமா?

— ஓம்.

— உங்களுக்குக் குடுக்கிறதுக்கு, உங்கட காணியையே, எனக்கு?

— நீங்க சொல்லக்குள்ள பைத்தியக்கார வேலை மாதிரித்தான் இருக்கு.

— மாதிரியா? பைத்தியமேதான். இதை யாரு நம்புவாங்க? நாளைக்கு விசாரிச்சா நீங்க ஹாஜியார் மகன், உங்களை ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. கழுத்துல துண்டு போட்டு இழுக்கிறது என்ட நானாவைத்தான். அது உங்களுக்கு ஒரு தரமாவது தோணல்லையா?

— சத்தியமாத் தோணல்ல. கிணறு மட்டும்தான் கண்ணுக்குத் தெரிஞ்சிச்சு.

— எனக்கெண்டும் வீடு இருந்திச்சு. எருக்கலம்பிட்டியில ஓட்டு வீடு, உம்மா எழுதித் தந்தது. தொண்ணூறுல இயக்கக்காரங்க வந்து முஸ்லிம் ஆக்கள் எல்லாரையும் ஊரை விட்டு வெளிக்கிடச் சொன்னாங்க, வெளிக்கிட்டோம். சீதன வீட்டைப் பையில போட்டுட்டு வர ஏலாதே. அண்டையிலேர்ந்து யாராவது என்னைக் கேட்டு வந்தா, வீடு இல்லாதவளுக்கு என்ன கதை எண்டு நானே நானாவை வாய் திறக்க விடுறதில்லை.

— தெரியும். அதனாலதான் நானும் கேக்கல்ல.

— ஒரு வார்த்தை கேக்கிறதை விட வேலியைத் தள்ளுறது உங்களுக்கு லேசாப் போச்சு.

— இப்ப என்ன செய்யச் சொல்றீங்க, டீச்சர்?

— குழி தோண்டுற அலவாங்கை எடுங்க. வெளிச்சம் இருக்கிறப்பவே களப்படிக் கதியாலைப் பழைய குழியில நடுங்க, மற்றதுகளை அதுட நேருக்கு வைங்க, நான் கயிறு புடிக்கிறேன். எழுபது பாகை வரணும். கிணறு உங்க வாப்பாட பக்கமே இருக்கட்டும்.

— அப்ப உம்மாக்கு நான் என்ன சொல்ல? உங்ககிட்ட ஒண்டும் இல்லாமப் போயிடுமே.

— ஒண்டும் இல்லைதான். காணியும் இல்லை, கிணறும் இல்லை. நாலு வருஷமா வாய்க்குள்ள வெச்சிருந்ததை இப்ப நானே கேக்கிறேன், ஸலாஹுதீன்: என்னைச் சும்மா கட்டுவீங்களா?