ஹெலனின் சைக்கிள்

— என்ரை மனிசி கடைசியாச் சொன்னது அதுதான், தங்கச்சி. "சைக்கிள் வழக்கமான இடத்திலை நிக்கும். மழை எண்டால் சீற்றுக்குப் பை போட்டுவிடுறன்." ஒவ்வொரு வியாழனும் சொல்லுறதுதான். நான் "ம்" எண்டிட்டு, காலமை என்னை வேலைக்கு ஏத்திக்கொண்டு போற கிஷோபன்ரை காரிலை ஏறீட்டன். திரும்பிக்கூடப் பாக்கேல்லை.

— தெரிஞ்சிருந்தால் ஆர் அண்ணை பாக்காமல் போவினம்.

— உங்கடை பேர் என்ன எண்டனீங்கள்? போனிலை சரியா விளங்கேல்லை.

— சிவதர்சினி. பாடன் ரவுணிலை இருக்கிறன், ஒஃபிசுகள் கிளீன் பண்ணுறன். மரண அறிவித்தலிலை "கணவர் வின்சன்ற்" எண்டு உங்கடை நம்பர் கிடந்தது. இமெல்டா அக்கா விழேக்கை நான்தான் பக்கத்திலை இருந்தனான்.

— பக்கத்திலையோ?

— ஓம் அண்ணை. தலை என்ரை தோளிலைதான் சாய்ஞ்சது.

— இருங்கோ. தேத்தண்ணி போடுறன்... இந்தச் சீனி எங்கை கிடக்குதெண்டும் எனக்குத் தெரியாது. மகள் பிரஷாந்தி பாதரிட்டைப் போயிருக்கிறாள், சனிக்கிழமை நல்லடக்கம்.

— சீனி வேண்டாம். நீங்களும் இருங்கோ.

— தங்கச்சி, நான் நேரா ஒண்டு கேக்கிறன், ஒளிக்காமல் சொல்லவேணும். வியாழக்கிழமை அவவுக்கு ஆறா ரவுணிலை பின்னேர வேலை. முதியோர் இல்லத்திலை. கன வருஷமா எனக்குச் சொல்லுறது அதுதான். பாடன் ஆஸ்பத்திரியிலையிருந்து போன் வந்தோடனை நான் அந்த இல்லத்துக்கு அடிச்சுக் கேட்டன், ஏன் என்ரை மனிசியைப் பாடனுக்கு அனுப்பினனீங்கள் எண்டு. அங்கத்தை பெரியவ சொல்லுறா, வியாழன் அவவுக்கு லீவாம். எப்பவுமே லீவாம்.

— ஓ.

— ஆர் ஆம்பிளை?

— என்ன?

— செத்துப்போனவவோடை எனக்கினி என்ன சண்டை? ஆளை மட்டும் சொல்லுங்கோ. சனிக்கிழமை அவன் கோயிலுக்கு வந்து நிண்டால் நான் அவனுக்குக் கை குடுக்கக்கூடாதெல்லோ.

— ஐயோ அண்ணை! சத்தியமா எனக்குச் சிரிக்கிறதோ அழுறதோ தெரியேல்லை. அங்கை ஆம்பிளையே இல்லை. நாங்கள் பொம்பிளையள் கொஞ்சப் பேர். லைப்ரரிக்கு மேலை ஒரு சின்ன அறை. அக்கா எங்களுக்குப் புத்தகம் சொல்லுறவ.

— என்ன புத்தகம்? பைபிளோ?

— கதைப்புத்தகம். அமெரிக்கப் பொம்பிளையள் இப்ப எழுதுற நாவலுகள், ஜேர்மனிலை வந்தது. இந்த நாட்டுக்கு வந்து எங்களுக்கு ஜேர்மன் கதைக்க வரும், நாவல் வாசிக்க வராது. அக்கா கிழமை முழுக்க ரெயிலிலை வாசிச்சுக்கொண்டு வந்து, வியாழனிலை தமிழிலை சொல்லுவா. பேப்பர் ஒண்டும் பாக்கமாட்டா. கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவா.

— அவவோ? வீட்டிலை அவவின்ரை வாயிலையிருந்து "சாப்பிடுங்கோ", "பில் வந்திருக்கு". அதுக்கு மேலை வராது.

— அங்கை வந்து கேட்டிருக்கவேணும் நீங்கள். நேர்ஸ் வேலை செய்யிற தாயின்ரை கதை, வேலை போன பிறகு புருஷனுக்குச் சொல்லாமல் காலமை காலமை வெளிக்கிடுற பெட்டையின்ரை கதை. எங்களோடை வாற தயாநிதி அக்கா ஒருக்கால் கேட்டா, ஏன் எப்பவும் அமெரிக்காக்காரியளின்ரையே கொண்டாறாய் எண்டு. "அவளவை பொம்பிளை வேலைக்குப் போறதை ஒரு பெரிய விஷயமா எழுதுறாளவை. பஸ்ஸிலை போறது, சப்பாத்துக் கடிக்கிறது, எல்லாம். ஒருத்தன்ரை மனிசி, ஒருத்தன்ரை தாய் எண்டதோடை விடமாட்டாளவை" எண்டவ இமெல்டா அக்கா.

— ம்.

— கோவிக்காதேங்கோ, உங்கடை அறிவித்தலை வாசிக்கேக்கை எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. அன்பு மகளும், பாசமிகு துணைவியும், ஆருயிர்த் தாயாரும்... கிழடுகளைத் தூக்கித் துடைச்ச கை எண்டு ஒரு வரியில்லை.

— அப்பிடித்தானே எல்லாருக்கும் போடுறது.

— ஓம், அப்பிடித்தான் போடுறது. சரி, நான் வந்த அலுவலைச் சொல்லுறன். இந்தாங்கோ, அக்காவின்ரை புத்தகம். அறையிலை விழுந்து கிடந்தது. எங்களுக்கு முடிவு தெரியவேணும் அண்ணை. வெக்கமில்லாமல் கேக்கிறன். கடைசியா நாலைஞ்சு மாசமா இந்த ஒரு கதைதான் சொன்னவ, ஹெலன் எண்ட பொம்பிளையின்ரை கதை. முடிவைச் சொல்ல வாயைத் திறந்தவ. தண்ணி குடிச்சா, "சரி, ஹெலன்" எண்டா. அவ்வளவுதான், சரிஞ்சிட்டா.

— "சரி, ஹெலன்" எண்டோ.

— அதுதான் கடைசி வார்த்தை. நான் புத்தகத்தை என்ரை மகளிட்டைக் குடுத்தன், கடைசிப் பக்கத்தைப் பார் எண்டு. அவள் முழுக்க வாசிச்சுப்போட்டு வாறாள், "அம்மா, இதிலை ஹெலன் எண்டு ஆருமில்லை, இது ஒரு வக்கீல் பொம்பிளையின்ரை கதை. சைக்கிளும் இல்லை" எண்டு.

— என்ன சைக்கிள்?

— ஹெலனிட்டையும் புருஷனிட்டையும் ஒரு சைக்கிள்தான். அவள் பின்னேரம் ஸ்ரேசனுக்கு அதிலை ஓடிக்கொண்டு வந்து விட்டிட்டு ரெயில் ஏறுவாள். அவன் வேலை முடிஞ்சு ரெயிலாலை இறங்கி அதை எடுத்துக்கொண்டு வீட்டை போவான். ரெண்டு பேருக்கும் இடையிலை கதைபேச்சு அதுதான் எண்டுவா அக்கா. "அமெரிக்காவிலை எல்லாரும் கார் எல்லோ?" எண்டு நான் கேட்டனான். "இந்தப் புத்தகத்திலை சைக்கிள்" எண்டு முறைச்சா... அண்ணை? என்ன அண்ணை?

— சொல்லுங்கோ. அவன் என்ன வேலை?

— பெரிய கிட்டங்கி ஒண்டிலை பெட்டி அடுக்கிறது. நெடுத்த மனிசன். கெட்டவனில்லை. ஆனால் அவளை ஒரு நாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "இஞ்சேரும், இஞ்சேரும்" எண்டுதான்.

— அமெரிக்காக்காரன் "இஞ்சேரும்" எண்டவனாமோ?

— அக்கா தமிழ்ப்படுத்துறா எண்டு நாங்கள் நினைச்சது... கடவுளே. அண்ணை.

— என்ரை மனிசியின்ரை பேர் இமெல்டா. நான் அவவை அப்பிடிக் கூப்பிட்டதில்லைத்தான். வேறை என்ன சொன்னவ? விடாமல் சொல்லுங்கோ.

— வேண்டாம் அண்ணை. நான் போறன்.

— இருங்கோ! எனக்கு வேறை ஆர் சொல்லுவினம்?

— ஹெலன் ஆள் கட்டை, கால் எட்டாது. வீட்டு வாசலிலை சீற்றைக் கீழை இறக்கிப் பதிச்சுப்போட்டுத்தான் சைக்கிள் ஓடுவாள். ஸ்ரேசனுக்கு வந்து விடேக்கை அவன்ரை உயரத்துக்குத் திரும்ப உயர்த்தி வைப்பாள். அவனுக்கு அது தெரியாது.

— தெரியாது. "கால் எட்டாமல் எப்பிடியப்பா ஓடுறீர்?" எண்டு பகிடி பண்ணுவன். சிரிப்பா. எனக்கே பெருவிரல் நுனிதான் நிலத்திலை முட்டும். நான் நினைச்சன் தொங்கித் தொங்கி ஓடுறா எண்டு.

— போன மாசம் ஹெலன் ஒரு சூட்கேஸ் வாங்கினவள்.

— ... சிவப்போ?

— ஓம்.

— அறைக்குள்ளை நிக்குது. ஊருக்குப் போகத்தான் வாங்கினவ எண்டு மகள் நினைச்சாள். வெறும் பெட்டி, ஒண்டும் அடுக்கேல்லை. அதுக்குப் பிறகு?

— பிறகு எங்களுக்குள்ளை அடிபிடி. தயாநிதி அக்கா சொல்லுறா விட்டிட்டுப் போகட்டும் எண்டு. நான் சொன்னனான், கெட்டவனில்லைத்தானே, ஒருக்கால் கேட்டுப் பாக்கட்டும் எண்டு. அக்கா ரெண்டு பேரையும் பாத்துச் சிரிச்சுக்கொண்டிருந்தா. அவ விழுறதுக்கு முதல் கிழமை வியாழன் என்ன சொல்லி நிப்பாட்டினவ எண்டால்... "போறதெண்டு முடிவெடுத்த நாளிலை ஹெலன் கடிதம் ஒண்டும் எழுதமாட்டாள். சீற்றை உயர்த்தாமல் தன்ரை உயரத்திலையே விட்டிட்டு ரெயில் ஏறுவாள். அவன் வந்து ஏறி இருக்கேக்கை முழங்கால் நெஞ்சிலை இடிக்கும். அப்ப விளங்கும் அவனுக்கு. மிச்சம் வாற கிழமை."

— அந்த வாற கிழமை...

— ஓம்.

— தங்கச்சி, சைக்கிளை நான் இன்னும் எடுக்கேல்லை. அண்டைக்கு கிஷோபன் வேலையிடத்திலையிருந்து அப்பிடியே பாடனுக்குக் கொண்டுபோனவன். பிறகு அந்தப் பக்கம் போக மனம் வரேல்லை. அது அவ விட்ட இடத்திலைதான் நிக்கவேணும்.

— நான் எப்பிடியும் ஸ்ரேசனுக்குத்தான் போறன் அண்ணை. ஜக்கெற்றைப் போடுங்கோ.

— ...

— ஸ்ரேசனிலை இத்தினை சைக்கிள் நிக்குது. உங்கடை எதண்ணை?

— உதிலை, தூணுக்குப் பக்கத்திலை. நீலம்.

— சீற்றுக்குப் பை போட்டிருக்கு.

— எனக்குக் கிட்டப் போகக் கால் வருகுதில்லை. நீங்கள் பாத்துச் சொல்லுங்கோ.

— பாத்து எனக்கு என்ன தெரியும்? உங்கடை உயரம் உங்களுக்குத்தானே தெரியும். ஏறி இருந்தால்தான். பையைக் கழட்டட்டோ?

— வேண்டாம். அது அவ கட்டினது. அதுக்கு மேலையே இருக்கிறன். இந்தாங்கோ, ஹாண்டிலைப் பிடியுங்கோ.

— பிடிச்சிருக்கிறன். மெல்ல... அண்ணை? முழங்கால் இடிக்குதோ?

— இல்லை. பெருவிரல் நுனிதான் முட்டுது.