காற்றுப் பெட்டி வாங்கிய விவரம்

இந்த அறையில் காற்றோட்டம் நன்றாக இருக்கிறது. எதிரெதிராக இரண்டு ஜன்னல். ஒன்றுக்குக் கதவே இல்லை. முதலில் அதைச் சொல்லிவிட்டு மற்றதைத் தொடங்குவதுதான் மரியாதை.

ஐயா, தங்களுக்குத் தமிழ் வாசிக்க வராது, கான்ஸ்டபிள் பூதத்தான் இதை இந்தியில் சொல்லுவார் என்றார்கள். அவரிடம் எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள். நடுவில் எந்த வரியையும் விட்டுவிடக் கூடாது.

என் பெயர் வானமாமலை. வயது முப்பத்திரண்டு. களக்காட்டில் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தேன். மாட்டுங்கா தபால் ஆபீஸ் வராந்தாவில் கடிதம் எழுதிக் கொடுப்பது தொழில். வந்த கடிதத்தை வாசித்துக் காட்டுவதும் உண்டு. அதில்தான் கவனம் அதிகம் வேண்டும். மாடு செத்துவிட்டது என்று எழுதியிருந்தால் வாசித்துவிடுவேன். 'நீ எனக்குப் பிள்ளையே இல்லை' என்று ஒரு தகப்பன் எழுதியிருந்தால், அதைத் தாண்டி, 'மற்றவை நலம்' என்ற இடத்துக்குப் போய்விடுவேன். கேட்டவன் நிம்மதியாக வேலைக்குப் போவான். வராந்தாவில் உட்காரும் நாலு பேரும் இப்படித்தான் செய்கிறோம். பள்ளிக்கூடத்தில் சுருக்கி எழுதுதலில் எனக்கு முதல் பரிசு. எதை விடலாம் என்று தெரிவதுதான் அதில் வித்தை.

லேபர் கேம்பில் எங்கள் கோலி, அதாவது ஒற்றை அறை வீடு, பத்தடிக்கு எட்டடி. நான், என் அக்கா பேராச்சி, அவள் புருஷன் சொரிமுத்து. அத்தானுக்குத் தாராவியில் தோல் பட்டறையில் வேலை. சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய தோலை இழுத்துப் போடுவார். விடியுமுன் போய் இரண்டு மணிக்குத் திரும்புவார். அவரைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். குடிக்க மாட்டார். அக்காமேல் ஒரு நாளும் கை நீட்டியதில்லை. நான் பம்பாய் வந்து இறங்கிய அன்று, தன் பாயை எனக்கு விரித்துவிட்டு வாசலில் படுத்தவர் அவர்.

வாடை ஒன்றுதான். அதை அவரே ஒத்துக்கொள்வார்.

"மூணு தடவ சோப்புப் போட்டாச்சு மாப்ளே," என்பார் தலையைத் துவட்டிக்கொண்டே. "இது போவாது. நான் போனாத்தான் போவும்."

சிரித்துக்கொண்டே சொன்னதுதான். ஆனால் விஷயத்தை முதலில் எடுத்துச் சொன்னவர் அவர் என்பதைப் பதிவு செய்துகொள்ளவும்.

கிங்ஸ் சர்க்கிள் பக்கம் ஒரு மாமி வீட்டில் கல்யாணப் பத்திரிகைகளுக்கு விலாசம் எழுதும் வேலை வந்தது. என் கையெழுத்தை அங்கே அச்சு என்பார்கள். முந்நூறு உறையை வீட்டுக்கு எடுத்து வந்து எழுதிக்கொண்டு போய்க் கொடுத்தேன். மாமி ஓர் உறையை இரண்டு விரலால் நுனியில் பிடித்து மூக்குப் பக்கம் கொண்டுபோனாள்.

"எழுத்து முத்து முத்தா இருக்கு, வானமாமலை. ஆனா இதுல ஏதோ வாடை வரதே. மங்கள காரியம், இல்லியா?"

முந்நூறையும் வேறு ஆளிடம் எழுதி வாங்கினார்கள். நான் கோபப்படவில்லை. காற்றைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று மட்டும் தீர்மானித்தேன்.

அவசரப்பட்டு எதையும் வாங்குகிறவன் இல்லை நான். ஒரு தாளை நீளவாக்கில் மடித்து, நன்மை ஒரு பக்கம், குறை ஒரு பக்கம் என்று எழுதினேன். சுவரில் பதிக்கும் புகைவிசிறி உள்காற்றை வெளியே தள்ளும். பதிலுக்கு உள்ளே வருவதும் தாராவிக் காற்றுதான். தள்ளுபடி. வெட்டிவேர்த் தட்டி வாடையை மூடுமே தவிர எடுக்காது. மழையில் பூஞ்சணமும் பிடிக்கும். அதுவும் தள்ளுபடி. மூன்றாவதாக ஜெயினுலாப்தீன் பாய் கடையில் அந்தப் பெட்டியைப் பார்த்தேன். பாய் பெரிய பங்களாக்களில் கழித்துப்போடும் சாமான்களை வாங்கி, பழுது பார்த்து விற்கிறவர். டிரங்குப் பெட்டி அளவில் ஒரு தகரப் பெட்டி. உள்ளே விசிறி, அதற்கு முன்னால் வெள்ளைத் துணி, பின்னால் கரித்தூள் அடைத்த தட்டு. மேலே ஒரு பச்சை விளக்கு.

"இது காத்த அலசித் தர்ற மிஷினுவே," என்றார் பாய். "தொர ஒருத்தன் தும்மிக்கிட்டே கெடந்தான். இது வந்த பொறவு தும்மல் நின்னுட்டு."

"இப்ப ஏன் விக்கான்?"

"சீமைக்குப் போய்ட்டான். அங்க காத்து சும்மாவே கெடைக்கும்லா."

என் கையில் இருந்தது பாதிக்குத்தான் வந்தது. அப்போது அக்காவுக்கு மூன்றாவது மாதம்; ஆறு வருஷம் கழித்துத் தங்கியது. அத்தான் தீபாவளி போனஸைப் பிரிக்காமல் வைத்திருந்தார். அந்த உறையை அப்படியே என் மடியில் போட்டார்.

"எம் புள்ள வந்து இந்த நாத்தத்தயா மோந்துக்கிட்டுக் கெடக்கணும்? வாங்கிப் போடு மாப்ளே."

ஆக, பெட்டியில் பாதி அவருடையது. அதை நான் என்றும் மறுத்ததில்லை.

கையேடு ஆங்கிலத்தில் இருந்தது. அன்று சாயங்காலம் வாசித்துச் சொன்னேன். அச்சில் வந்த எதையும் அத்தான் சாமி காரியம் மாதிரி கேட்பார்; தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். 'அறையின் கதவு, ஜன்னல்களை மூடி வைக்கவும். துணியை வாரம் ஒருமுறை துவைக்கவும். பெட்டியின் மேல் எதையும் வைக்க வேண்டாம்.' இவ்வளவுதான் சொன்னேன். முதல் வரிக்கும் இரண்டாம் வரிக்கும் நடுவில் இன்னொரு வரி இருந்தது. 'கரி அடுப்பிலிருந்து எழும் நச்சு வாயுவை இக்கருவி நீக்காது. அடுப்பு உள்ள அறையில் ஜன்னலைத் திறந்தே வைக்கவும்.' மூடச் சொல்லிவிட்டு உடனே திறக்கச் சொன்னால் கேட்பவருக்குக் குழப்பம். அதனால் விட்டேன். அன்று என் மனதில் வேறு எண்ணம் இல்லை. இது சத்தியம்.

பச்சை விளக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது எரிந்தால் பெட்டி ஓடுகிறது என்று மட்டுமே அர்த்தம். காற்று சுத்தமாகிவிட்டது என்று அத்தான் எடுத்துக்கொண்டார். நான் திருத்தவில்லை.

ஞாயிறுதோறும் துணியைக் கழற்றிப் பார்ப்பேன். நோட்டில் தேதி போட்டு எழுதுவேன்: சுமாரான கறுப்பு, கறுப்பு, நல்ல கறுப்பு. ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தத் துணியை வெள்ளையாகப் பார்த்துவிட வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். அதற்கு என்னால் ஆனதை எல்லாம் செய்தேன். கதவிடுக்கு, தகரச் சுவரின் பொத்தல் எல்லாவற்றிலும், யாரும் வாங்க வராத பழைய இன்லண்டுகளைக் கிழித்துக் கோந்து போட்டு ஒட்டினேன். விளக்கு வைக்கும் நேரத்தில் தவறாமல் கனல் எடுத்துச் சாம்பிராணி போட்டேன்.

ஜெயினுலாப்தீன் பாய் ஒரு நாள் பெட்டியைப் பார்க்க வந்தார். துணியைத் தொட்டு விரலை முகர்ந்தார்.

"என்னவே, சாம்பிராணிப் பொகைலா இது. ஒரு வாரம் அத நிப்பாட்டிப் பாரும்."

படித்தவன் என்ற முறையில் நான் சிரித்துக்கொண்டேன். சாம்பிராணி அழுக்கை எடுக்கிற பொருள். அதுவே எப்படி அழுக்காகும்? பாய்க்கு இரும்பு தெரியும். இது தெரியாது.

ஜூன் தொடக்கத்தில் அக்கா பிரசவத்துக்கு ஊருக்குப் போனாள். கோலியில் நாங்கள் இருவர் மட்டும். மழை பிடித்துக்கொண்டது. ஈரத்தில் வாடை கூடும் என்று சாம்பிராணியை இரண்டு வேளை ஆக்கினேன். துணி முன்னைவிடக் கறுத்தது. மூன்று பேரில் ஒருவர் குறைந்தும் கறுப்பு கூடியது என்றால், மிச்சம் இருப்பவர்களில்தான் காரணம் இருக்க வேண்டும். மிச்சம் இருந்தவர்களில் ஒருவன் நான். கணக்கு சரியாக வந்தது.

ஜூலை நாலாம் தேதி, செவ்வாய்க்கிழமை, கையேட்டை மறுபடி எடுத்து நிதானமாகப் படித்தேன். அந்த வரிக்குப் பென்சிலால் அடிக்கோடு போட்டு, ஓரத்தில் தேதியும் எழுதினேன். எதைப் படித்தாலும் தேதி எழுதுவது என் பழக்கம். தாங்கள் நேற்று காட்டிக் கேட்ட கோடு அதுதான். என்னுடையதுதான்.

பதின்மூன்றாம் தேதி, வியாழக்கிழமை, விடாத மழை. இரண்டு மணிக்கு அத்தான் சொட்டச் சொட்ட வந்தார். பல் கிட்டியது. கரி அடுப்பு விஷயத்தில் எங்கள் கேம்பில் எல்லோருக்கும் ஒரே வழக்கம்தான்: சிகடியை வெளியே வைத்துப் பற்றவைப்போம், புகை அடங்கிக் கனல் சிவந்த பிறகு உள்ளே எடுத்து வருவோம். புகை இல்லை என்றால் பயமில்லை என்று நினைப்பு. கதவு எப்போதும் திறந்தே கிடப்பதால் அந்த நினைப்பு பலித்துக்கொண்டிருந்தது. அன்று, பக்கத்துக் கோலியின் கூரைச் சாய்ப்பில் நின்று நானே பற்றவைத்தேன். நிறையக் கரி போட்டேன். உள்ளே கொண்டுவந்து அவர் கால்மாட்டில் வைத்தேன். ஈரத் துணியைக் கொடியில் விரித்துப் போட்டேன்.

"ஒனக்கு எதுக்கு மாப்ளே இந்தச் செரமம்," என்றார்.

"இருக்கட்டும் அத்தான். கதவ பந்த் பண்ணிட்டுப் படுங்க."

"அடுப்பு இருக்கே?"

"பொட்டி ஓடுதுல்லா. எல்லாத்தையும் அது பாத்துக்கிடும்."

"புஸ்தகத்துல அப்பிடியா போட்டிருக்கு?"

"மூடி வைக்கணும்னு போட்டிருக்கு."

இது பொய் இல்லை. கையேட்டைப் பார்த்தால் தெரியும், முதல் வரி அதுதான்.

அவர் உள்ளே தாழ்ப்பாள் போடும் சத்தத்தைக் கேட்டுவிட்டு நான் தபால் ஆபீசுக்குப் போனேன். அன்று ஒன்பது கடிதம் எழுதினேன். எந்தக் கடிதத்திலும் அடித்தல் திருத்தல் இல்லை. ஆறு மணிக்கு வந்து, பக்கத்துக் கோலிக்காரன் பஞ்சுவைக் கூப்பிட்டு, இரண்டு பேருமாகக் கதவை நெம்பினோம். அத்தான் ஒருக்களித்துப் படுத்திருந்தார். முகம் நன்றாகச் சிவந்து, ஊரில் இருந்தபோது இருந்த மாதிரி இருந்தது. பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

டாக்டர் இதயம் என்று எழுதினார். நான் மறுத்துப் பேசவில்லை, படித்தவர்.

அக்காவுக்கு இன்னும் தெரியாது. அத்தானுக்காக அவளுக்கு எப்போதும் எழுதுவது நான்தான். அதை நிறுத்தினால் சந்தேகப்படுவாள், அப்போது வயிற்றுப் பிள்ளைக்காரி வேறு. அதனால் ஜூலையிலிருந்து அத்தான் மூன்று கடிதம் எழுதியிருக்கிறார். பெண் குழந்தை பிறந்த செய்திக்கு, 'கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொள், மழை விட்டதும் வருகிறேன்' என்று பதில் போட்டிருக்கிறார். கேம்பில் எங்கள் ஊர்க்காரர்கள் நாலைந்து பேர், 'சொரிமுத்து தவறிட்டாம்னு எழுதுடே' என்று தங்கள் வீட்டுக்குச் சொல்லச் சொன்னார்கள். எல்லோருக்கும் எழுதுவது நான்தானே. அந்த ஒரு வரியை விட்டுவிட்டு மற்றதெல்லாம் எழுதினேன்.

இனி முக்கியமான விஷயம். ஜூலை பதினாறு, ஞாயிற்றுக்கிழமை. இரண்டு வேளையும் சாம்பிராணி போட்டு, கோலியைக் கழுவி, துணியைக் கழற்றினேன். நல்ல கறுப்பு. இருபத்து மூன்றாம் தேதியும் அதே. முப்பதாம் தேதி அதைவிட மோசம். மனிதன் உழைத்ததற்கு ஒரு பலன் வேண்டாமா? உட்கார்ந்து யோசித்தேன். அத்தானும் இல்லை, அக்காவும் இல்லை. அப்படியென்றால் அழுக்கு தகரச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்துதான் வருகிறது. பஞ்சுவின் பெண்சாதி கோமதியம்மாள் தினமும் கருவாடு வறுக்கிறாள். எப்படி இது எனக்கு முன்பே தோன்றாமல் போயிற்று என்று வருத்தமாகக்கூட இருந்தது. அத்தான்மேல் கொஞ்சம் அநியாயமாக நினைத்துவிட்டேனோ என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. ஆனால் அவர் வாடையும் வாடைதானே.

ஆகஸ்ட் இருபதாம் தேதி பெட்டியையும் கையேட்டையும் தூக்கிக்கொண்டு போய்ப் பஞ்சுவின் கோலியில் வைத்தேன். மழைக்காலம் முடியும்வரை வைத்துக்கொள்ளட்டும் என்றேன். அவர்கள் பொத்தல்களையும் நானே ஒட்டிக் கொடுத்தேன்.

"அண்ணாச்சிக்கு எம்புட்டுப் பெரிய மனசு," என்றாள் கோமதியம்மாள்.

இரண்டே நாள்தான் ஓடியது. செவ்வாய்க்கிழமை பாய் பழைய பாக்கி எதற்கோ அந்தப் பக்கம் வந்தவர், மூடிய கதவுக்குள்ளிருந்து அவள் இருமுவதைக் கேட்டு, கதவை உதைத்துத் திறந்தாராம்.

"கங்கு கெடக்க அடுப்ப வச்சிக்கிட்டு அடைச்சிக்கிட்டு இருக்கியளே, கூறு இருக்கா? யாரு சொன்னா இப்பிடி?"

"அண்ணாச்சி புஸ்தகத்தப் பாத்துச் சொன்னாவ."

பாய் கையேட்டை வாங்கிக்கொண்டுபோய், தன் கடையில் எழுத்து வேலை பார்க்கும் உதுமானிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார். உதுமான் சின்ன வயது. ஒரு வரி விடாமல் வாசிக்கிறவன். பென்சில் கோட்டில் வந்து நின்றுவிட்டான். அதன் பிறகு நடந்தது தங்களுக்குத் தெரியும்.

கோமதியம்மாளுக்குத் தலைவலியோடு போயிற்று என்று பூதத்தான் சொன்னார். சந்தோஷம். அவர்கள்மேல் எனக்கு எந்த விரோதமும் இல்லை, அத்தான்மேலும் இருந்ததில்லை. அவரை நான் கொன்றேன் என்று எழுதித் தரச் சொல்கிறீர்கள். எழுதிவிட்டேன், மேலே சொன்னது அதுதான். ஆனாலும் ஐயா, சிகடி எல்லார் வீட்டிலும் இருக்கிறது. தாழ்ப்பாள் போட்டது அவர் கை. நான் செய்ததாக இருப்பது, அவருக்கும் கோமதியம்மாளுக்கும் கையேட்டை வாசித்துச் சொன்னபோது ஒரு வரியை விட்டது மட்டுமே. கெட்ட செய்தியை யாருக்கும் வாசித்துக் காட்டுகிற மனசு எனக்கு என்றுமே இருந்ததில்லை.