தொண்ணூற்றிரண்டு பக்கமும் பதினேழு ரீலும்

முத்தியால்பேட்டைப் படிப்பகத்தின் ஆண்டு விழாவுக்குத் தலைமை ஏற்று, இந்த மேடைக்கு மேன்மை சேர்த்திருக்கும் எழுத்துச் செல்வி, உப்பளம் சந்திரகலா அம்மையார் அவர்களே! அறுபத்து மூன்று வயது முரட்டு விரலைப் பிடித்து முதல் எழுத்தைப் போட வைத்த ஆசிரியை தையல்நாயகி அவர்களே! முன் வரிசையில் அமர்ந்திருக்கும் முதியோர்களே! ஆலைச் சங்கு ஊதியதும் முகம் கழுவாமல் ஓடி வந்திருக்கும் தோழர்களே! மீன் கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் குருசுக்குப்பத்திலிருந்து நடந்தே வந்திருக்கும் தாய்மார்களே! உட்கார இடமில்லாமல் சுவரோரம் நிற்கும் சோதரர்களே! உங்கள் எல்லோரையும் இந்தக் கண்ணையன் கை கூப்பி வணங்குகிறேன்.

இந்தப் பேச்சை நானே எழுதினேன். நான்கு பக்கம், ஒன்பது நாள். விரல் வைத்துத்தான் படிப்பேன். வேகம் வேண்டுபவர்கள் வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். நான் இதே வரியில்தான் இருப்பேன்.

எனக்குத் தந்த தலைப்பு ‘குறுநாவலும் திரைப்படமும்’. கற்றவர்கள் பேச வேண்டிய தலைப்பைக் கண்ணையனுக்கு ஏன் கொடுத்தார்கள்? காரணம் இருக்கிறது. பத்தொன்பது வருடம் நான் சினிமாவைச் சைக்கிளில் சுமந்தவன்! டவுன் கொட்டகைக்கும் நம் பேட்டைக் கொட்டகைக்கும் சேர்த்துப் படச்சுருள் ஒரே பிரதிதான் வரும். அங்கே முதலில் ஆட்டம் தொடங்கும். ஓடி முடிந்த ரீல்களை முதல் நடைக்கு இரண்டும், பிறகு மூன்று மூன்றுமாகப் பையில் போட்டுக் கொடுப்பார்கள். நான் இங்கே கொண்டுவந்து சேர்த்தால்தான் இங்கே படம் நகரும். மழையிலும் மிதித்தேன், வெயிலிலும் மிதித்தேன். சுமந்தது எல்லாம் கதை. சுமந்தவனுக்கு ஓர் எழுத்தும் தெரியாது!

தலைப்புக்கு வருவதற்கு முன் ஒரு சங்கதி. அம்மா, சொல்லலாமா? தலையசைக்கிறார். அம்மையார் புதிதாக ஒரு குறுநாவல் எழுதியிருக்கிறார். தொண்ணூற்றாறு பக்கம். சென்னையிலிருந்து ஒரு பட முதலாளி கடிதம் போட்டிருக்கிறார். “கதை நன்று. ஆனால் சிறிது. இன்னும் நூறு பக்கம் கூட்டி, இன்னொரு குடும்பத்தையும் சேர்த்துத் தாருங்கள், எடுக்கிறோம்.” சரி என்றோ முடியாது என்றோ நாளைத் தபாலில் பதில் போயாக வேண்டும். விழாவுக்கு முன் காபி குடிக்கும்போது அம்மா என்னிடம் சொன்னார்: “எனக்கு மனசே இல்லிங்க ஐயா. ஆனா முடியாதுன்னா படம் வராது. படம் வரலன்னா, படிக்கத் தெரியாத ஜனங்களுக்கு இந்தக் கதை எப்படிப் போய்ச் சேரும்?”

கேட்டீர்களா? நம்மை நினைத்துத் தவிக்கிறார் தாய்மார்களே! போன வருடம் வரை நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். ஆகவே பதில் சொல்லக் கடமைப்பட்டவன் நான்.

ஐந்து வருடத்துக்கு முன், அம்மையாரின் முதல் குறுநாவல் ‘நாலாம் நாள் வலை’ படமாகி வந்தது. கடலுக்குப் போன கணவன் திரும்பவில்லை. மூன்று நாள் காத்திருந்த மனைவி, நான்காம் நாள் அவன் விட்டுப்போன கிழிந்த வலையைத் தானே தைத்து, வேறொரு படகுக்குக் கொடுக்கிறாள். அவ்வளவுதான் கதை. தொண்ணூற்றிரண்டு பக்கம். படமோ பதினேழு ரீல்!

அன்று நல்ல மழை. ஒரு நடை எனக்குத் தப்பிவிட்டது. நான் டவுன் கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்தபோது ஆபரேட்டர் அறை வாசலில் இரண்டு பைகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. இரண்டிலும் சாக்கட்டியில் ஏதோ எழுதியிருந்தது. எது முதல் பை? காசைப் பார்த்தால் எனக்கு எண் தெரியும். சாக்கட்டியைப் பார்த்தால் தெரியாது. கேட்க வெட்கம். கைக்கு எட்டியதை எடுத்துக்கொண்டு மிதித்தேன்.

இங்கே எட்டாவது ரீல் முடிந்து, வெள்ளைத் திரை எரிகிறது, விசில் பறக்கிறது. நம்ம ஆபரேட்டர் மாரியப்பன், அதோ தூணுக்குப் பின்னால் ஒளிகிறாரே அவர்தான், பையைப் பிடுங்கினார், மாட்டினார், ஓட்டினார். பிறகுதான் டப்பாவைப் பார்த்தார்.

“யோவ் கண்ணையா! பன்னெண்டைக் கொண்டாந்துட்டியேயா! ஒம்பது, பத்து, பதினொண்ணு எங்கய்யா?”

“அங்கதான் இருக்குது. போய்க் கொண்டாந்துடவா?”

“கொண்டாந்து? பன்னெண்டுக்கு அப்பறம் ஒம்பதைக் காட்டவா? மிசியேவுக்குத் தெரிஞ்சா ரெண்டு பேரு வேலையும் போச்சு. வாயை மூடிக்கினு நில்லு!”

மிசியே என்றால் எங்கள் கொட்டகை மேனேஜர். நாங்கள் மிஷின் அறை ஓட்டை வழியாக எட்டிப் பார்த்தோம். இதோ எழுந்து கத்துவார்கள், இதோ நாற்காலி உடையும்! உடைந்ததா? இல்லை. கத்தினார்களா? இல்லை. கடைசி ரீலில் கொட்டகையே விம்மியது. குருசுக்குப்பத்து அஞ்சலாட்சி அன்று தரை டிக்கெட்டில் இருந்தார். வெளியே வரும்போது என்ன சொன்னார்?

என்ன அஞ்சலாட்சி, நீங்களே சொல்கிறீர்களா? சொல்லுங்கள்... “நம்ம கதய நம்ம கிட்டயே சொன்ன மாரி இருந்துச்சுன்னு சொன்னேன். மறுநாளு என் ஓர்ப்படிய இட்டுக்கினு போனேன், அவ நடுவுல தூங்கிட்டா!”

ஏன் தூங்கினார்? மறுநாள் மூன்று ரீலும் சேர்ந்து ஓடின! சைகோனிலிருந்து கணவனின் இரட்டைப் பிறவி வருகிறார். வந்தார், ஆடினார், பாடினார், ஆறு பேரோடு அடிதடி செய்தார், பதினோராவது ரீலில் உயிரையும் விட்டார். முதல் நாள் பார்த்தவர்களுக்கோ அவர் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை!

போன மாசியில்தான் அந்தப் புத்தகத்தை நானே படித்தேன். என் வாழ்வில் முழுதாக முடித்த முதல் புத்தகம். பதினேழு நாள் ஆயிற்று. தையல்நாயகி ஒரு மாலைப் பொழுதில் முடித்துவிடுவாராம். பக்கத்துக்குப் பக்கம் அந்தச் சைகோன்காரரைத் தேடினேன். எங்கே அவர்? இல்லவே இல்லை! அன்று நான் தவறிச் சுமந்து வந்ததுதான் அம்மா எழுதிய கதை! என் அறியாமை அறுத்தெறிந்தது, அறிவாளிகள் ஒட்டவைத்ததை!

குறுநாவல் என்றால் என்ன? குறைந்துபோன நாவலா? இல்லை. கூட்டத் தேவையில்லாத கதை. ஒருத்தி, ஒரு கடல், நான்கு நாள். ஓர் ஆட்டம் பார்க்கும் நேரத்துக்குள் உட்கார்ந்து படித்து எழுந்துவிடக்கூடிய கதை. பெரிய நாவலைப் படமாக்க வெட்ட வேண்டும். குறுநாவலை வெட்டவும் வேண்டாம், ஒட்டவும் வேண்டாம்.

தலைவர் அம்மையார் குறுக்கே கேட்கிறார்: “அப்போ அந்த மூணு ரீல்லயும் உருப்படியா எதுவுமே இல்லையா ஐயா?”

நல்ல கேள்வி. பொய் சொல்ல மாட்டேன். ஒன்று இருந்தது. மறுநாள் மிஷின் பக்கத்தில் நின்று பார்த்தேன். பத்தாவது ரீலில் அவள் வலை தைக்கிறாள். பேச்சில்லை, பாட்டில்லை. நிழல் நீள்கிறது, ஊசி ஓடுகிறது. ஓரிடத்தில் கை நின்றுவிடுகிறது. பிறகு மறுபடி ஓடுகிறது. உங்கள் புத்தகத்தில் அது ஒரே வரி அம்மா: ‘பொழுது சாயும்வரை தைத்தாள்.’ அந்த ஒரு வரியைப் படம் எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தது! படிக்கத் தெரியாத எனக்கு உங்கள் கதை போய்ச் சேர்ந்தது அங்கேதான். சைகோன்காரர் கொண்டுவந்து சேர்க்கவில்லை.

ஆகவே பட முதலாளிக்கு வேண்டியது இன்னும் நூறு பக்கம் அல்ல. இருக்கிற பக்கத்தைப் பார்க்கும் பொறுமை! படிக்காத ஜனங்களுக்கு நீட்டிச் சொன்னால்தான் புரியுமா? நாங்கள் எழுத்துத் தெரியாதவர்கள் அம்மா, கதை தெரியாதவர்கள் அல்ல! முடியாது என்றால் படம் வராமல் போகலாம். போகட்டும். வெள்ளிக்கிழமைதோறும் இந்தப் படிப்பகத்தில் உட்கார்ந்து, தொண்ணூற்றாறு பக்கத்தையும் நானே உரக்கப் படிப்பேன். அஞ்சலாட்சி, வருவீர்களா? ஓர்ப்படியையும் அழைத்து வருகிறாராம்!

சற்றுப் பொறுங்கள். அம்மா கைப்பையிலிருந்து ஓர் உறையை எடுக்கிறார். பட முதலாளிக்குச் ‘சரி’ என்று எழுதி ஒட்டிய பதிலாம். கிழிக்கிறார்! என்னிடம் தாள் கேட்கிறார். இந்த நான்காம் பக்கத்தின் பின்புறம் வெறுமையாகத்தான் இருக்கிறது. எழுதுங்கள் அம்மா.

என்னையே படிக்கச் சொல்கிறார். கையெழுத்து எனக்குப் புதிது, அவசரப்படுத்தாதீர்கள்.

“ஐயா, வணக்கம். என் கதை... தொண்ணூற்றாறு பக்கம். அதற்கு மேல் சொல்ல... என்னிடம் ஒன்றும் இல்லை. எடுப்பதானால் இதை எடுங்கள். மெதுவாக எடுங்கள். சந்திரகலா.”

தோழர்களே, கை தட்டியது போதும். கதைக்குக் காவல் நின்ற தலைவருக்கு நன்றி. கண் திறந்த ஆசிரியைக்கு நன்றி. இத்தனை நேரம் என் விரலோடு வரி வரியாக நடந்து வந்த உங்களுக்கு நன்றி. நாளைக் காலை முதல் தபாலில் இதை நானே சைக்கிளில் கொண்டுபோய்ப் போடுகிறேன்.

வணக்கம்.