அலமாரி அசையாது: ஃபிலமினா கரீன் அம்மையாருக்கு, லேண்ட்வாஷ் புத்தகக் கடையார் எழுந்து நின்று வாசித்தளித்தது

கல்லன்ஸ் பைட் துறைமுகத்தின் கலங்கரை விளக்கே! காற்று கப்பலை நிறுத்திய நாளிலும் கதையை நிறுத்தாத கருணைக் கரமே! கையில் டிக்கெட்டும் மனதில் கலக்கமுமாய் வந்தவரையெல்லாம் கையில் புத்தகமும் மனதில் கேள்வியுமாய் அனுப்பிவைத்த எங்கள் ஃபிலமினா கரீன் அம்மையாரே! எங்கள் மினாவே! வணக்கம்.

எழுந்து போக நினைக்காதீர்கள். புகழ்ந்தால் உங்களுக்கு ஆகாது என்று தெரிந்துதான் கதவருகே தேநீர்ப் பகுதி ரூபி நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள். வெளியே காற்று. மாலைக் கப்பல் தாமதம். ஆகவே இந்தப் பயணிகள் கூடமே விழா மண்டபம். காத்திருக்கும் நீங்கள் அனைவரும் விருந்தினர். பொரித்த ரொட்டியும் வெல்லப்பாகும் பின்னால் இருக்கின்றன, கூச்சப்படாமல் எடுத்துக்கொள்ளுங்கள். முன்வரிசையில் எங்கள் கடையின் டொராண்டோ தலைமை அலுவலகத்திலிருந்து மண்டல மேலாளர் திரு. வெஸ்லி டன்மோர் வந்து அமர்ந்திருக்கிறார். அவருக்கும் வணக்கம். அவர் மட்டும் கடைசி வரி வரை இருந்து கேட்க வேண்டும். ஏன் என்பதைப் போகப் போகச் சொல்கிறோம்.

அம்மையீர்! முப்பத்தோரு ஆண்டுகள் இந்தக் கூடத்தின் நடுவே நின்றீர்கள். உங்களோடு நின்றது ஓர் அலமாரி. அதற்கு முதுகு கிடையாது, இரண்டு முகம். ஒரு முகம் கப்பலேறும் வாசலைப் பார்க்கும்; அதற்குப் ‘போகும் பக்கம்’ என்று பெயர் வைத்தீர்கள். மறு முகம் கப்பலிலிருந்து இறங்கி வரும் கதவைப் பார்க்கும். அது ‘வரும் பக்கம்’. எங்கள் தீவை விட்டுப் பெருநிலத்துக்குப் போகிறவருக்குப் பெருநிலத்தின் கதைகள். தீவுக்கு வருகிறவருக்குத் தீவின் கதைகள். இரண்டு பக்கத்திலும் இந்த நாட்டு எழுத்தைத் தவிர வேறு எதையும் நீங்கள் வைத்ததில்லை. “வெளிநாட்டுக்காரங்க புத்தகத்துக்கு ஊரு பூரா கடை இருக்கு, கண்ணு. நம்ம ஆளுங்களுக்கு இது ஒண்ணுதான்” என்பீர்கள்.

மற்ற கடைகளில், என்ன பிடிக்கும் என்று கேட்பார்கள். நீங்கள் எங்கே போகிறாய் என்று கேட்டீர்கள். மொன்றியல் என்றவருக்கு, வெளிப்புற இரும்புப் படிக்கட்டில் உட்கார்ந்தே வாழ்ந்து முடித்த ஒரு குடும்பத்தின் கதை. கோதுமைச் சீமை என்றவருக்கு, புழுதிக் காற்றில் ஜன்னலை ஈரத்துணியால் அடைத்துக்கொண்டு கணவனை வெறுத்த ஒருத்தியின் கதை. வடக்கே என்றவருக்கு, பனிக்கட்டி மேல் நாய்வண்டி ஓட்டியவரின் பேத்தி தன் மொழியிலேயே எழுதி, தானே மறுபடி ஆங்கிலத்தில் எழுதிய கதை. டொராண்டோ என்றவருக்கு, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஓட்டல் பின்கட்டில் தட்டுக் கழுவிய ஒருவர், அந்தத் தண்ணீர்ச் சத்தத்துக்கிடையே மனதில் எழுதி முடித்த கதை. “இதுவும் கனடாவா?” என்று ஒரு சீமாட்டி அதைப் புரட்டிப் பார்த்துக் கேட்டபோது, அந்தத் தட்டில் சாப்பிட்டது யார் என்று திருப்பிக் கேட்டீர்கள். அவர் வாங்கிக்கொண்டு போனார்.

கடமான் படம் போட்ட புத்தகம் கேட்டு வந்தவர்களை நீங்கள் நடத்திய விதம் இத்துறைமுகத்தில் புகழ்பெற்றது. கடமான் ரோட்டிலேயே நிற்கும், பார்த்து ஓட்டுங்கள், புத்தகத்தில் மனிதர்கள் இருப்பார்கள், அவர்களைப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பினீர்கள். லண்டனிலிருந்து வந்த ஒரு பேராசிரியர், கனடாவுக்கென்று இலக்கியம் ஏதாவது உண்டா என்று உதட்டோரம் சிரித்தபடி கேட்டார். நாங்களெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

“இருக்கு. உக்காருங்க. கப்பல் லேட்டு” என்றீர்கள்.

அவர் கப்பலேறும்போது சிரிப்பு போயிருந்தது, பை கனத்திருந்தது.

இத்தனை தாராளத்துக்கு நடுவிலும் ஒரே ஒரு சட்டம் போட்டிருந்தீர்கள். மூழ்கும் கப்பல் கதையெல்லாம் வரும் பக்கம்தான். இறங்கி வந்தவன் படிக்கலாம். ஏறப்போகிறவன் கையில் அது சேரக்கூடாது. எங்கள் தீவில் நல்ல நாவல் என்றால் பாதிக்கு மேல் ஏதாவது கப்பல் மூழ்கியே தீரும். ஆகையால் இந்தச் சட்டத்தைக் காப்பது எளிதல்ல. காத்தீர்கள், ஒரு நாள் தவிர.

பாராட்டு மடலில் பிழையைச் சொல்வது வழக்கமில்லை. சொல்லியே தீர வேண்டும். எல்லாம் அதிலிருந்துதான் தொடங்கியது.

சென்ற இலையுதிர் காலத்தில் ஒரு மதியம். மூடுபனி. கூடத்து ஒலிபெருக்கி பழுது. கப்பல் புறப்பட்டுப் போயிற்று. நீங்கள் பின்னறையில் புதுப் பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருந்தீர்கள். துறைமுக வாயைத் தாண்டியதும் காற்று அடித்துக் கப்பல் திரும்பி வந்துவிட்டது. வெளுத்த முகமும் நனைந்த கோட்டுமாய் அத்தனை பேரும் எந்தக் கதவு வழியாக உள்ளே வந்தார்கள்? இறங்குகிறவர்களின் கதவு வழியாக. நீங்கள் வெளியே வந்து பார்த்தீர்கள். வந்துவிட்டவர்கள் என்று நினைத்தீர்கள். உங்கள் சட்டப்படியே அன்போடு வரவேற்று, வரும் பக்கத்திலிருந்து புத்தகங்களை அள்ளி வழங்கினீர்கள்: நள்ளிரவில் பாறையில் மோதிய தபால் கப்பலின் சமையல்காரனுடைய கதை. இருந்த பிரதி அத்தனையும் விற்றுப் போயிற்று.

காற்று தணிந்தது. கப்பல் ஊதியது. கூடம் எழுந்து எதிர்வாசலுக்கு நடந்தது. கல்லாவில் இருந்த டாரில் சீவர்ட்தான் முதலில் பார்த்தான்.

“மினா, இவங்க வரல. இவங்க போறாங்க.”

நீங்கள் ஓடினீர்கள். முழங்கால் வலியோடு ஈரப் பலகைமேல் ஓடினீர்கள். நீங்கள் போய்ச் சேர்ந்தபோது சரிவுப்பாலம் தூக்கப்பட்டுவிட்டது. கொந்தளித்த கடலில், ஒரு கப்பல் நிறையப் பயணிகள், கப்பல் மூழ்கும் கதையைப் படித்துக்கொண்டு அக்கரைக்குப் போனார்கள்.

ஒருவர் புகார் செய்தார். அதை மறைக்கவில்லை. ஆனால் மீன் லாரி ஓட்டும் லியோ கோதே, இதோ மூன்றாம் வரிசையில் ரொட்டியோடு இருக்கிறார், திரும்பும் பயணத்தில் நேராகக் கல்லாவுக்கு வந்தார். சமையல்காரன் பிழைத்தானா என்று தெரிந்துகொள்ளும் அவசரத்தில் வாந்தியெடுக்கக்கூட மறந்துபோனேன் என்றார். பக்கத்து இருக்கைக் கிழவருக்குக் கண்ணாடி இல்லாததால் உரக்க வாசித்தாராம். கப்பலில் பாதிப் பேர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்களாம். “இதைவிட மோசமா மூழ்குறது ஏதாவது வச்சிருக்கியா?” என்று உங்களிடம் கேட்டார். இருந்தது. இறங்கி வந்தவர் என்பதை இரண்டு தடவை உறுதிசெய்துகொண்டு கொடுத்தீர்கள்.

தலைமை அலுவலகத்துக்கு லியோவின் சொல் எட்டவில்லை. ஒற்றைப் புகார் எட்டியது. உள்ளூர்ப் புத்தகங்கள் பயணிகளைப் பதற்றப்படுத்துகின்றன. அலமாரியை இருபக்கமும் காலி செய்து, கழுத்துத் தலையணையும் சாக்லேட்டும் அடுக்குக என்று உத்தரவு பிறந்தது. திரு. டன்மோர் நேரில் வந்தார். அவரிடம் நீங்கள் பேசியதை டாரில் கல்லாவிலிருந்து கேட்டான்.

“தப்பு என்னுது. அது மரம், அது என்ன பண்ணிச்சு? என்னைத் தூக்குங்க. அதைத் தொடாதீங்க.”

ஒப்புக்கொண்டார். நீங்கள் இரண்டு ஆண்டு முன்னதாகவே ஓய்வு பெறுவது, அலமாரி அப்படியே நிற்பது. கை குலுக்கினார். இன்று நீங்கள் வேலையை விட்டுப் போவது வயதாகிவிட்டதால் அல்ல, அம்மையீர். அந்தக் கைகுலுக்கலால்தான்.

இனி உங்களிடம் நாங்கள் மறைத்ததைச் சொல்கிறோம். சென்ற வாரம் கடைக்குத் தொலைபேசி வந்தது. டாரில் எடுத்தான். விழாவுக்கு மறுநாள் காலை வண்டி வரும், அந்த அம்மா போனதும் அலமாரியை ஏற்றி அனுப்பிவிடு, விழாவுக்கு முன்னால் வாயைத் திறக்காதே என்றது மறுமுனை. பேசியவர் யார் என்று நாங்கள் சொல்லவில்லை. அவர் தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

உட்காருங்கள், மினா. உட்காருங்கள். இன்னும் முடியவில்லை.

இந்தக் கடை தலைமை அலுவலகத்துக்குச் சொந்தம். இந்தக் கூடத்தின் தரை அவர்களுக்குச் சொந்தமல்ல, அது துறைமுகத்தினுடையது. துறைமுக அதிகாரி அகஸ்டஸ் ஹிஸ்காக் அவர்களிடம் போய், கூடத்தின் நடுவே உயரமாக ஒரு அலமாரி நிற்கிறதே, காற்றில் சாய்ந்துவிடாதா என்று மிகுந்த கவலையோடு விசாரித்தோம். அவர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். அவர் கையில் நீங்கள் கொடுத்த புத்தகம் இருந்தது. விரல் பக்கத்துக்குள் செருகியிருந்தது.

“சாயலாம். பெரிய ஆபத்து. போல்ட் போடுங்க. நல்லாப் போடுங்க” என்றார்.

இன்று காலை நீங்கள் கேக் வாங்கப் போயிருந்தபோது தரையோடு சேர்த்துப் போட்டோம். கப்பலைக் கட்டும் கொக்கிக்குப் போடுகிற போல்ட். தலையைப் பற்றவைத்தும் ஆயிற்று. துறைமுகத்தைக் கேட்காமல் இதை யாரும் கழற்ற முடியாது. துறைமுகம் இப்போது நாவலின் நடுப்பக்கத்தில் இருக்கிறது. தலைமை அலுவலகம் புத்தகம் அனுப்புவதை நிறுத்தினால் நிறுத்தட்டும். படித்து முடித்தவர்கள் கொண்டுவந்து வைப்பார்கள். லியோ முதல் பெட்டியை மீன் வாடையோடு ஏற்றி வந்துவிட்டார்.

இப்படிச் செய்ததற்கு எங்கள் வேலை போகலாம். போகட்டும். உங்களுடையதைக் கொடுத்து நீங்கள் வாங்கிய வாக்கை, ஒரு தலையணைக்கு நாங்கள் விற்க மாட்டோம்.

வாக்கு மாறாத வித்தகியே! இம்மடலைச் சட்டமிட்டிருக்கிறோம். ஆனால் உங்கள் வீட்டுச் சுவருக்குத் தரப்போவதில்லை. அலமாரியின் உச்சியில், இரு பக்கமும் தெரியும்படி திருகி வைக்கப்போகிறோம். போகிறவரும் படிக்கட்டும், வருகிறவரும் படிக்கட்டும்.

இன்று மாலை, கோதுமைச் சீமையின் சஸ்கட்டூனில் இருக்கும் மகளைப் பார்க்கக் கப்பலேறுகிறீர்கள். முழங்கால் நோவு குறைந்து, கண்ணொளி நிறைந்து, படிக்க நினைத்ததையெல்லாம் படித்துத் தீரும் வரை நீங்கள் நீடு வாழ வேண்டும். படித்துத் தீராதபடி நாங்கள் அனுப்பிக்கொண்டே இருப்போம். முதல்முறையாக நீங்கள் போகும் பக்கம் நிற்கிறீர்கள். உங்கள் சட்டப்படியே இந்தப் பொட்டலத்தில் கோதுமை வயல் இருக்கிறது. ஒரு படகுகூட இல்லை. வசந்தத்தில் திரும்பி வாருங்கள். வரும் பக்கம் நாங்கள் நிற்போம், அலமாரியும் நிற்கும்.

அதே கப்பலில் திரு. டன்மோரும் போகிறார். அவருக்கும் அன்போடு ஒரு பொட்டலம். அது எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தது என்பதை, ஐயா, நடுக்கடலில் பிரித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கீழே ‘கடைப் பணியாளர்கள்’ என்று பொதுவாகப் போட்டால் போதும் என்று சிலர் எங்களுக்கு அறிவுரை சொன்னார்கள். போதாது. தேடிக் கண்டுபிடிக்கும் சிரமம் தலைமை அலுவலகத்துக்கு வேண்டாம்.

டாரில் சீவர்ட், கல்லா. ரூபி நூஸ்வர்தி, தேநீர்ப் பகுதி. கொலீன் ட்ரெஸ்கால், புத்தக அடுக்கு. இதை எழுதி வாசித்தவளும் கொலீனாகிய நானே.