தொப்பூரிலிருந்து வந்தவர்

— இருக்கட்டும் சாலம்மா, நின்னுக்கறேன். மாமியா எங்க போயிருக்காங்க?

— சந்தைக்குங்க. பொழுது சாயத்தான் வருவாங்க. தொப்பூர்ல டீக்கடையப் போட்டுட்டு நல்லம்பள்ளி வரைக்கும் வந்து, வாசல்லயே நின்னா எப்படிங்க தீர்த்தகிரி அண்ணா? உள்ள வந்து உக்காருங்க.

— வூட்டுல வேற பெரியவங்க யாருமில்லியா?

— இப்ப நான்தான் பெரியவ. வயித்துல கெடக்கறது சின்னது. எங்க வூட்டுக்காரரு, உங்க சிநேகிதரு, எதுனா சொல்லி அனுப்புனாரா?

— மாதேஸ்வரனா? இல்லம்மா. சும்மாதான் வந்தேன்.

— நேத்து சாயங்காலம் லாரியில புளி லோடு ஏத்திக்கிட்டு சேலம் போனாருங்க. ராத்திரி உங்க தொப்பூர் கணவாயில ஒரு லாரி உருண்டுருச்சுன்னு பஸ்ஸுல வந்தவங்க பேசிக்கிட்டாங்க. பாவம், எந்த வூட்டுப் புள்ளையோ. ஹாரன் கேட்டப்பொறந்தான் எனக்கு உசுரே வந்துச்சு.

— என்ன ஹாரன்?

— ரோட்டுத் திருப்பத்துல அடிப்பாருங்களே, ரெண்டு குட்டை, ஒரு நீட்டு. ஊருக்கு அது வெறும் சத்தம். எனக்கு, ‘அவசர லோடு, சோத்துக்கு வரமாட்டேன், நீ சாப்புட்டுப் படு’ன்னு அர்த்தம்.

— எப்ப கேட்டுச்சு?

— இன்னைக்குக் காலையில, சாணி தெளிக்கறப்ப. ஏங்கண்ணா, மூஞ்சி வெளுத்துப் போச்சு?

— வெயில்ல வந்தேன்.

— மோரு குடிங்க.

— வேணாம்மா, வவுறு சரியில்ல.

— எங்க வூட்டு மோர நீங்க ஒருநாளும் வேணாம்னதில்லியே. போவட்டும், ஆளு நேர்ல வந்தாலே நிம்மதி. தந்தின்னாதான் குலை நடுங்கும். எங்கண்ணன் பாசானதுக்குத் தந்தி வந்தப்ப, பிரிக்கறதுக்கு முந்தியே எங்காத்தா மாரடிச்சுக்கிட்டு அழுதாங்க. தபால்காரரு படிச்சுச் சொல்லியும் நம்பல.

— ம்.

— கடையில உங்க வாய் ஓயவே ஓயாதும்பாரு அவரு. இங்க வந்து ஊமையாட்டம் நிக்கறீங்க.

— பேறுகாலம் எப்பம்மா?

— இந்த மாசந்தான்.

— மாமியா வந்துரட்டும். நீ செத்த நேரம் படு சாலம்மா. தனியா இருக்காத, பக்கத்து வூட்டுல யாரையாச்சும் கூப்புட்டு வச்சுக்க.

— எதுக்குங்க? அண்ணா, நில்லுங்க. சொல்லாம கொள்ளாம எறங்கிப் போறீங்க. ‘வரேன்’னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க.

— அத மட்டும் கேக்காதம்மா.

— எழவு வூட்டுலருந்துதானங்கண்ணா அப்படிச் சொல்லிக்காம போவாங்க.