மேடில்லாத பாதை

– நாஞ்சொல்றதக் கேளு ஆசியா. இந்தப் பெஞ்சுலயே உக்காந்திரு. அவங்க வந்து பேசிட்டுப் போற வரைக்கும் எந்திரிக்காத.

– பொண்ணு பாக்க வர்றவங்க முன்னால எந்திரிச்சு ஸலாம் சொல்ல வேண்டாமாண்ணே?

– உக்காந்தே சொல்லு. ஒடம்பு சரியில்லைன்னு நான் சொல்லிக்கறேன்.

– இதுக்குத்தான் அவங்கள ஊட்டுக்குக் கூப்புடாம பார்க்குக்கு வரச் சொன்னியா?

– ஊடுன்னா நீ டீ எடுத்துக்கிட்டு வரணும். ஓமலூர்க்காரங்க வந்தப்ப என்ன ஆச்சு? அடுப்படியில இருந்து நீ நடந்து வந்ததப் பாத்தாங்க. டம்ளர்ல வாயே வெக்காம எந்திரிச்சுப் போயிட்டாங்க. அன்னிக்கு அத்தா சோறே திங்கல.

– இளம்புள்ள வாதம் வந்த காலுண்ணே. பெஞ்சுல உக்காந்தா நேராயிடுமா? நிக்காஹ் முடிஞ்சு அவங்க ஊட்டுக்குப் போனா, மொத நாளே எந்திரிச்சு நடக்க மாட்டனா?

– அதுக்கப்பறம் ஏத்துக்குவாங்க.

– ஏத்துக்கலைன்னா? சொல்லுண்ணே.

– என்னைய வேற என்னதான் பண்ணச் சொல்ற நீ?

– எனக்கு முடியட்டும்னு நீயும் கல்யாணம் பண்ணாம இருக்கற. அது எனக்குத் தெரியாம இல்ல. ஆனா ஏமாத்தி ஒரு ஊட்டுக்குள்ள போக மாட்டேன். ஏற்காட்டுல எங்க திரும்புனாலும் மேடு, இல்லைன்னா பள்ளம். இந்தக் குளத்தச் சுத்திப் போற பாதை ஒண்ணுதான் சமமா இருக்குது. இதுலயே அவங்களுக்கு நடந்து காட்டிடறேன்.

– சொன்னாக் கேளு. அதோ, பச்சைச் சேலை கட்டிக்கிட்டு வர்றாங்களே, அவங்கதான் ஜைனப் மாமி. மாப்பிள்ளையோட அம்மா. மாப்பிள்ளையைக் காணோமே, தனியா வர்றாங்க. ஆசியா, உக்காரு.

– அஸ்ஸலாமு அலைக்கும் மாமி.

– வ அலைக்கும் ஸலாம் கண்ணு. நீ ஏன் எந்திரிச்சு வர்ற? நானே வந்துக்கிட்டுத்தான இருக்கறேன்.

– அது வந்துங்க மாமி, தங்கச்சிக்கு நேத்துல இருந்து காலு சுளுக்கு.

– சுளுக்கு இல்லீங்க மாமி. சின்ன வயசுல வந்தது. எப்பவுமே இப்படித்தான் நடப்பேன்.

– தெரியும் கண்ணு.

– தெரியுங்களா?

– மே மாசம் பூ கண்காட்சி பாக்க வந்தப்ப உங்க கடையில ஸ்வெட்டர் எடுத்தேன், அந்தக் கூட்டத்துல உனக்கு என்னைய ஞாபகம் இருக்காது. பஷீர் தம்பி, நீ அன்னிக்குக் கடையில இல்ல. குடையை அங்கயே மறந்து வெச்சுட்டு நான் பாட்டுக்கு பஸ்ஸுக்குப் போயிட்டேன். இந்தப் புள்ள தூத்தல்ல அம்மாம் பெரிய மேட்டுல ஏறி வந்து, குடையைக் குடுத்துட்டு ஒரு வார்த்தை பேசாம திரும்பிடுச்சு. சேலத்துக்குப் போனதும், மருமகளா இவளைத்தான் கேக்கோணும்னு நாந்தான் சொன்னேன்.

– மாமி, நான் போயி மறைக்கப் பாத்தேனுங்களே.

– அண்ணன்னா அப்படித்தான் தம்பி. அதுல எனக்கு வருத்தமே இல்ல.

– நொம்ப சந்தோசங்க மாமி. ஏனுங்க, மாப்பிள்ளை பின்னால வர்றாருங்களா? நான் போயி எல்லாருக்கும் டீ வாங்கிட்டு வந்துடறேன்.

– டீ கெடக்கட்டும் தம்பி. நீ இங்கயே இரு. நானும் இவளும் அப்படியே ஒரு நடை போயிட்டு வர்றோம். வா கண்ணு, கையைக் குடு.

– புடிக்காமலே எனக்கு நடக்க வருங்க மாமி.

– உனக்கில்ல, எனக்கு. மூட்டு வலி. அடிவாரத்துல இருந்து பஸ்ஸுல நின்னுக்கிட்டே வந்தேன்.

– அப்ப மெதுவாப் போலாங்க. இங்க வேரு இருக்குது, பாத்து வாங்க. இந்த மரங்களத் தாண்டுனா இன்னொரு சின்னக் குளம் வரும்.

– நல்ல நெழலா இருக்குது. தெனமும் வருவியா?

– கடை தொறக்கறதுக்கு முன்னால வருவேனுங்க. இங்க நடக்கறப்ப யாரும் நின்னு பாக்க மாட்டாங்க. மாமி, ஒண்ணு கேக்கட்டுங்களா? என் காலு பத்தி உங்களுக்குத் தெரியும். உங்க மகனுக்குத் தெரியுங்களா?

– மொத நாளே சொல்லிட்டேன். அது ஒரு கொறையாம்மான்னுதான் கேட்டான்.

– அப்பறம் ஏனுங்க அவரு வரல? ஏன் உங்க மொகம் இப்படி ஆயிடுச்சு?

– இந்தக் கல்லு மேல உக்காரலாம். நாம பேசறது உங்கண்ணனுக்குக் கேக்காதில்ல?

– கேக்காதுங்க. சொல்லுங்க மாமி.

– பெங்களூர்ல கம்பெனி வேலையில இருக்கறான்ல. போன வியாழக்கெழமை அங்கயே வேற ஒரு பொண்ண நிக்காஹ் பண்ணிக்கிட்டான். எனக்கே நேத்துத்தான் தெரியும்.

– சரிங்க மாமி.

– அழுதுடு கண்ணு. அடக்காத.

– இல்லீங்க. இந்த மூட்டு வலியோட எதுக்குங்க இவ்வளவு தூரம் வந்தீங்க? தபாலாபீசுக்கு ஒரு ட்ரங்க் கால் போட்டு, வேண்டாம்னு சொல்லியிருந்தா முடிஞ்சிருக்குமே.

– அதைத்தான் எங்க ஊட்டுலயும் சொன்னாங்க. ஆனா போன்ல வேண்டாம்னு சொல்லியிருந்தா, இவங்களும் காலைப் பாத்துத்தான் வேண்டாம்னுட்டாங்கன்னு நீ ஆயுசுக்கும் நெனச்சுக்கிட்டு இருந்திருப்ப கண்ணு.